காணிக்கைப் பைக்குள் என் கை

சிகாமணிக்கு உன் அப்பா எழுதுவது.

கடிதத்தின் தலையில் ஸ்தோத்திரம் எழுதி, சுகம் விசாரித்து, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வருவது நம் சபையாரின் வழக்கம். எனக்கு அதற்குப் பொறுமையில்லை. நீ இருப்பது இதே வீட்டில். சுகமாயிருக்கிறாய் என்பது காலையில் நீ தோசை தின்கிற வேகத்திலேயே தெரிகிறது. வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வாயால் ஆரம்பித்தால் நான் கத்துவேன். நீ கண்ணை மூடிக்கொண்டு எனக்காக ஜெபிக்க ஆரம்பிப்பாய். போன மாதம் உன் துணிப்பெட்டி விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. ஜெபிக்கிறவனிடம் சண்டை போட முடியாது என்று உனக்குத் தெரியும், அது உன் அம்மாவிடம் நீ கற்றுக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி நம் போதகர் ஐயருக்கு. நீ சபையார் முன்னால் சொன்னதற்குப் பதிலும் சபையார் முன்னாலேயே இருக்கட்டும். ஐயர் சபைப் பத்திரிகையில் போட்டால் போடட்டும், மாட்டேனென்றால் கோயில் கதவில் நானே ஒட்டுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் உன்னை முன்னால் கூப்பிட்டார். வேதசாஸ்திரப் பள்ளிக்குப் புறப்படுகிற பிள்ளை, சாட்சி சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார். நீ சொன்னாய். உனக்கு மூன்று வயதும் உன் அக்கா ரூத்துக்கு ஏழு வயதுமாக இருந்தபோது இருவருக்கும் ஒன்றாகத் தொண்டை அடைப்பான் வந்ததைச் சொன்னாய். ஒருவருக்கு மட்டுமே மருந்து இருந்ததையும், அம்மா ஜெபம்பண்ணி இரண்டு பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டதையும், உன் பெயர் வந்ததையும் சொன்னாய். ஆண்டவர் அக்காவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு, உன்னைத் தம்முடைய வேலைக்கென்று எடுத்துவைத்தார் என்று முடித்தாய். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. உனக்கு நல்ல குரல், எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது.

அந்தச் சீட்டை எடுத்தது ஆண்டவர் இல்லை, நான். எது உன் பெயர் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

பதினாறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். சின்னப்பன்தான் வந்தது. என் கீழே சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிற சின்னப்பன், நீ சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டதை நான் செருப்பைத் தேடிக்கொண்டே பார்த்தேன். அவன் பெண்டாட்டி பாக்கியம் ஆறு மாதமாக இருமுகிறாள், ரத்தம் வருகிறது. மலைப்பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கட்டில் ஒதுக்கியிருப்பதாகவும், வருகிற திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும் என்றும் அங்கிருந்து கடுதாசி வந்துவிட்டது. போகலாமா, இருக்கலாமா என்று இரண்டு சீட்டு எழுதிவைக்கிறேன், ஆண்டவர் தொட்ட கை உங்களுடையது, நீங்கள் வந்து எடுத்துக் கொடுங்கள் தம்பி என்று அவன் கேட்டான். வருகிற ஞாயிறு சாயங்காலம் வருகிறேன் என்றாய். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு பொம்பளையின் உயிரைத் துண்டுக் காகிதத்தில் மடிப்பதற்கு ஒத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு படியிறங்கினாய். அந்தச் சிரிப்பை உனக்குக் கொடுத்தவன் நான். அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு நாளும் நீ உட்கார்ந்து பார்த்ததில்லை, நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாய். நான் மதராஸில் இரண்டு வருஷம் தோல் பதனிடுவதைப் படித்தவன். சுண்ணாம்பு எத்தனை நாள், ஆவாரம்பட்டைச் சாறு எத்தனை கெட்டி என்று கணக்காகச் சொல்லுகிறவன் என்பதால்தான் ஆம்பூரில் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் முதலாளி என்னை விடாமல் வைத்துக்கொண்டது படிப்புக்காக இல்லை, கட்டைவிரலுக்காக. ஆட்டுத்தோலை ரகம் பிரிக்கிறவன் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்து போவான். உரிக்கிறவனின் கத்தி சதைப் பக்கத்தில் தலைமுடி கனத்துக்குக் கீறியிருந்தாலும் கட்டைவிரல் போகிற போக்கில் அதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் முதலாளி பந்தயம் வைத்து, தன் அங்கவஸ்திரத்தாலேயே என் கண்ணைக் கட்டி, நூறு தோலைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, கண்ணைத் தொறந்து வச்சிருக்கிறப்ப இதைவிட கம்மியாத்தான் பிரிக்கிறே" என்றார். அந்த நாட்களில் எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. வீட்டுக்கு வந்தும் வித்தை காட்டினேன். உன் அம்மா தன் அண்ணனுக்குப் பென்சிலால் எழுதிவைத்திருந்த கடிதத்தின் பின்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, எத்தனை வரி, எந்த வரி பாதியில் நிற்கிறது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு காகிதத்தை வாங்கித் தானும் தடவிப் பார்த்தாள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஐப்பசி மழை விட்டிருந்த வாரம். முதலில் ரூத்துக்குத்தான் தொண்டை கட்டியது. மூன்றாம் நாள் உள்நாக்குக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. மறுநாள் உனக்கும் ஜுரம். அடைப்பான் என்று சொன்னதும் தெருவே என்னைப் பார்த்தது. மாட்டுக்கு வருகிற அடைப்பானை நான்தான் தோலோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். அது வேறு, இது வேறு என்று நான் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கத்தினேன். உன் அம்மா கத்தவில்லை. அவள் முழங்காலில் நின்றாள். அடுப்பு மூட்டினாள், உங்கள் இருவருக்கும் கஞ்சித் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து வாயில் பிழிந்தாள், மறுபடியும் முழங்காலில் நின்றாள். உபதேசியார் வந்தார், சபைப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். மூச்சுத் திணறுகிற பிள்ளைகளைச் சுற்றி இத்தனை பேர் நின்று காற்றை அடைக்கிறீர்களே, உங்கள் ஆண்டவருக்குக் காது அவ்வளவு மந்தமா என்று அவர்களைத் துரத்தினேன். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். அவள் கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பழத்தையும் வாசலில் எறிந்தேன். எனக்கு விஞ்ஞானம் தெரியும் என்கிற மமதை. என் விஞ்ஞானம் அடுத்த இரண்டு நாளில் என்ன செய்தது என்று கேள்.

மிஷன் டிஸ்பென்சரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். நாகர்கோயில் பக்கத்துக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். டாக்டரம்மா கிராமங்களுக்குக் காம்ப் போயிருந்தார். கையில் இருந்த ஒரே ஒரு சீரம் ஊசி மருந்தோடு நர்ஸம்மா நம் வீட்டுக்கு வந்தார். முதலாளி மதராஸுக்குத் தந்தி கொடுத்திருந்தார், இன்னொன்று மறுநாள் காலை ரயிலில் வரும். நான் முதலில் கேட்டது, பாதி பாதியாகப் போட முடியாதா என்று. படித்தவன் கேட்கிற கேள்வி. பாதி போட்டால் இரண்டு பேருக்குமே போடாத மாதிரி என்றார். உங்கள் இருவர் வாயையும் கரண்டிக் காம்பால் அழுத்தி, விளக்குப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணியிருக்கும். அவர் சொன்ன சொல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

"பிள்ளைக்குப் போட்டிருவோம். பையனுக்கு இப்பந்தான் ஆரம்பம், நாளைக்குக் காலம்பற வரைக்கும் தாங்குவான். இவளுக்கு அந்த நேரம் கிடையாது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. அக்காவுக்கு இன்று, தம்பிக்கு நாளை, இரண்டும் பிழைக்கும். நான் படித்த படிப்பும் அதைத்தான் சொன்னது. வேறு யாருடைய வீட்டிலாவது இது நடந்து, அவன் வந்து என்னைக் கேட்டிருந்தால், இதிலே யோசிக்க என்ன இருக்கிறது முட்டாளே என்று திட்டியிருப்பேன். ஆனால் அது என் வீடு. தாங்குவான் என்று அவர் சொன்னபோது எனக்குக் கேட்டது, ஒருவேளை தாங்கமாட்டான் என்பதுதான். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம், சிகாமணி. பையன். ரூத்தை நாங்கள் நேசிக்கவில்லை என்று நினைக்காதே. நேசித்தோம். அவளை நேசித்தோம், உன்னை விடமாட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு மேல் அழகான வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை.

உன் அம்மா நர்ஸம்மாவிடம் சொன்னாள், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம் சிஸ்டர்."

"ஜெபத்துக்கு எவ்வளவு நேரமாகும்?" என்றார் அவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

உபதேசியாரைத் திரும்பக் கூப்பிட்டு அனுப்பினோம். நான் துரத்தின மனுஷர், ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வந்தார். சீட்டுப் போட்டு ஆண்டவர் சித்தத்தைக் கேட்பது நம் சபையில் புதிதில்லை. பெண் கொடுக்கலாமா, வேலைக்குக் கண்டிக்குப் போகலாமா என்று எத்தனையோ வீட்டில் எடுத்திருக்கிறார்கள். நான் எப்போதும் அதைக் கேலி செய்கிறவன். அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. உன் அம்மா ரூத்தின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கி, இரண்டிலும் பெயர் எழுதி, எழுத்து உள்ளே இருக்கும்படி ஒரே மடிப்பு மடித்தாள். உபதேசியார் வரும்போது காணிக்கைப் பையைக் கையில் கொண்டுவந்திருந்தார், சிவப்பு வெல்வெட்டுப் பை, மரக்கைப்பிடி போட்டது. அதிலேயே இரண்டையும் போட்டார்கள். அவர் ஜெபித்தார், நீளமாக இல்லை. முடிந்ததும் யார் எடுப்பது என்று கேட்டார். வழக்கமாக உபதேசியாரே எடுப்பார். உன் அம்மா அவர் கையிலிருந்து பையை வாங்கி என்னிடம் நீட்டினாள். "நீங்க எடுங்க" என்றாள்.

கையை விட்டேன். ஒரு சீட்டின் முதுகில் எழுத்தின் மேடு சின்னதாக, நடுவில் மட்டும் இருந்தது. மற்றதில் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஓடியது. ரூத். ஞானசிகாமணி. கட்டைவிரலுக்கு இதற்கு அரை நொடி போதும். ஆனால் நான் அரை நொடி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தரம் மாற்றி மாற்றித் தடவினேன். ஏமாந்துவிடக் கூடாதே என்கிற கவனம். தப்பான தோலை எடுத்து நல்ல தோல்கட்டோடு சேர்த்துவிடக் கூடாதே என்று ஷெட்டில் எப்படி நிதானமாகப் பார்ப்பேனோ, அதே நிதானம். நீளமானதை எடுத்து உபதேசியாரிடம் கொடுத்தேன். அவர் பிரித்து உன் பெயரை வாசித்தார். உன் அம்மா தரையில் விழுந்து ஸ்தோத்திரம் என்றாள்.

நர்ஸம்மா ஊசியை எடுத்தபடி என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கன்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். உனக்குப் போட்டார். ரூத்தின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர், அவள் போகிற வரைக்கும் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. நாங்கள் அழுதோம், ஜெபித்தோம், எழுந்து போனோம், வந்தோம். வேலை செய்தது அவர் ஒருத்தர். மறுநாள் வெயில் வந்து சுவரில் விழுகிற நேரத்துக்கு ரூத்தின் மூச்சு நின்றது. ரயில் பத்து மணிக்கு வந்தது. முதலாளி அனுப்பின ஆள் ஸ்டேஷனிலிருந்து மருந்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, பெட்டியை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

அதற்குப் பிறகு உன் அம்மா செய்ததை நீ அறிவாய். உன்னை ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணினாள். சீட்டின் கதையை வீடு வீடாகச் சொன்னாள். யார் வீட்டில் ஜுரமென்றாலும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் உன் கையை நோயாளியின் தலையில் வைப்பாள். நான் செய்ததை நீ அறியமாட்டாய், அல்லது அறிந்தும் காரணம் தெரியாமல் இருப்பாய். எனக்கு உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நீ வளர்ந்தது பிடிக்கவில்லை. உனக்கு ஏழு வயதான அன்றைக்கு நான் வாணியம்பாடிக்கு வேலையிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே ஒரு டீக்கடையில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதில் நீ கணக்கில் பூஜ்யம் வாங்கிக்கொண்டு வந்தாய். நான் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஒண்ணு போச்சு" என்றேன். உனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் போய், அப்பா இன்னா சொல்றாரு என்று கேட்டாய். அவள் உன்னை அணைத்துக்கொண்டு, அப்பாவுக்கு விசுவாசம் இல்லை, அவருக்காக ஜெபி என்றாள். அன்றையிலிருந்து நீ எனக்காக ஜெபித்துவருகிறாய். ஒரு பிள்ளை பத்து வருஷமாகத் தன் அப்பனுக்காக, அவன் செய்தது என்னவென்று தெரியாமலே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

உன் அம்மா செத்துப்போவதற்கு மூன்று நாளைக்கு முன்னால் நடந்ததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கால் இரண்டும் வீங்கி, முகம் வீங்கி, சிறுநீர் நின்றுபோய்க் கிடந்தாள். நீ வேலூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். சபைப் பெண்கள் சுற்றி நின்று, நீர் வியாதிக்காரரைச் சொஸ்தமாக்குகிறவர், நீர் எங்கள் சகோதரியின் மகனுக்கு அன்று செய்த அற்புதத்தை இவளுக்கும் செய்யும் என்று ஜெபித்தார்கள். அவள் திடீரென்று, "போதும், எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"சிலேட்டு பக்கத்துலயேதான் இருந்துச்சு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "ரூத்தோட சிலேட்டு. அதுமேல வச்சு எழுதியிருந்தா விரலுக்குத் தெரியாது. நான் துப்பட்டி மேல வச்சு அழுத்தி எழுதினேன். உங்க விரலு எதுக்குப் பேர் போனதுன்னு தெரிஞ்சிதான் பையை உங்ககிட்ட நீட்டினேன்."

பதினாலு வருஷம். ஒரே வீட்டில், ஒரே பாயில், அவளை ஏமாற்றிவிட்டேன் என்று நானும், என்னைக்கொண்டு செய்துமுடித்தேன் என்று அவளும். பிறகு ஏன் ஊர் முழுக்கச் சாட்சி சொன்னாய் என்று கேட்டேன். "அவருமேல போட்டுட்டா லேசாயிடும்னு நெனச்சேன். ஆவலை" என்றாள். பையனிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதனால் இன்று எந்த வாக்கையும் நான் மீறவில்லை. பிறகு ஒன்று கேட்டாள். "ஒரு தடவை, வாய்விட்டு, எனக்காக ஜெபம் பண்ணுங்க. நீங்க பண்ணி நான் கேட்டதேயில்லை."

"யார்கிட்ட?" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. அவள் கேட்டது நாலு வார்த்தை. எனக்கு நம்பிக்கை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, சாகிறவளுக்கு நாலு வார்த்தை. அதைக்கூடக் கொடுக்கவில்லை, ஏனென்றால் என் நியாயம் எனக்குப் பெரிதாயிருந்தது. ரூத்துக்குச் செய்ததற்கு அடுத்தபடியாக நான் செய்த கொடுமை அது. இரண்டில் எது பெரிது என்று சில நாள் எனக்கே தெரியவில்லை. நீ போதகனாகப் போகிறாய். நோயாளி ஜெபம் கேட்டால், உனக்கு உள்ளே எத்தனை சந்தேகம் இருந்தாலும், பண்ணு. இதை நான் உனக்குச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் பண்ணாமல் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

ஆனால் ஜெபம் வேறு, பைக்குள் கை விடுவது வேறு. ஜெபம் கேட்கிறவன் ஆண்டவரிடம் கேட்கிறான். சீட்டுப் போடுகிறவன் யாரோ ஏற்கெனவே சொன்ன பதிலிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். நர்ஸம்மா பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதில் எங்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் முழங்காலில் நின்றோம். பாக்கியத்துக்கும் பதில் வந்துவிட்டது, அச்சடித்த காகிதத்தில், கட்டில் இருக்கிறது வா என்று. சின்னப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று நீ கேட்டாயா? நான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை தொட்டிப் பக்கம் போனேன். அவன் தோலில் மயிர் வழித்துக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. பக்கத்தில் நின்று, இந்தக் கடிதத்தில் இருப்பதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே கேட்டான். முடிந்ததும், "நீங்க பொய் சொல்றீங்க சார்" என்றான்.

"நான் ஏன்டா பொய் சொல்றேன்?"

"தம்பி ஊழியத்துக்குப் போறது உங்களுக்குப் புடிக்கலை, ஊருக்கே தெரியும். எந்த அப்பன் சார் இப்டி செய்வான்? நான் செய்வனா?" என்றான். கொஞ்ச நேரம் வழித்துவிட்டு அவனாகவே சொன்னான், "அவ போய்ட்டா மூணு புள்ளைங்களுக்கு யாரு சார் சோறு ஆக்குவா? அவ இருமினாலும் ஆக்குறா." பிறகு, நான் எதையோ கண்டுபிடித்துவிட்டது போலத் தலையைத் தூக்கி, "அதுக்காகச் சொல்லலை. ஆண்டவர் போன்னா போவட்டும்" என்றான்.

அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. என்னைவிட நல்லவன். ஆனால் அவனுக்கு ஒரு பதில் வேண்டியிருக்கிறது, அதை ஆண்டவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது, அதற்கு உன் கை வேண்டியிருக்கிறது. உன் விரலுக்கு ரகம் பிரிக்கத் தெரியாது, நீ நேர்மையாகத்தான் எடுப்பாய். அதுதான் இன்னும் மோசம். இரு என்று வந்தால் அவள் இந்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த அடுப்புக்கு முன்னாலேயே சாவாள். மூத்தது இரண்டும் ஏற்கெனவே இருமுகின்றன, நான் கேட்டேன். நீ மதராஸில் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்து, சகோதரியை ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று சின்னப்பனுக்குக் கடிதம் எழுதுவாய். பாக்கியத்தை ஒருத்தரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போக ஆசையா என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "போனா பொழச்சிக்குவனா சார்?" என்றாள். தெரியாது, இங்கே இருந்தால் பிழைக்கமாட்டாய் என்றேன். முறத்தைப் பார்த்தபடியே, "அவருகிட்ட நீங்க சொல்லாதீங்க, நான் போறேன்னேன்னு. சீட்டுல வந்தா வரட்டும்" என்றாள்.

ஆண்டவர் இருக்கிறாரா என்று என்னைக் கேட்காதே. அன்றைக்கு அவர் அந்த அறையில் இருந்திருந்தால், என் கட்டைவிரல் அங்கும் இங்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருக்கிறவரின் பெயரால் நீ பேசப் போகிறாய். போ, நான் தடுக்கவில்லை. பெட்டிக்குப் பித்தளைப் பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் தெரிந்துகொண்டு போ. உன்னை யாரும் எடுத்துவைக்கவில்லை. உன் அக்காவின் மூச்சை எடுத்து உனக்குக் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் உன் அப்பா அம்மா. தெரிந்த பிறகும் பிரசங்க பீடத்தில் ஏறுவாயென்றால், நீ என்னைவிடத் தைரியசாலி. தெரியாமல் ஏறினால் நீ என் பொய்யை அங்கி போட்டு நடத்திவைக்கிறாய், அவ்வளவுதான்.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று பாக்கியிருக்கிறது. உபதேசியார் ஜெபிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், நான் மூடவில்லை. ரூத் தலையணையில் சாய்ந்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு கழுத்துக் குழி உள்ளே போயிற்று. அந்த நிலையிலும் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் கூப்பி மார்பில் வைத்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். எதற்காக ஜெபிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், அவளை வைத்துக்கொண்டுதான் எல்லாம் பேசினோம். ஜெபம் முடிந்தது. உன் அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்கு வரவில்லை. நர்ஸம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் போய்விட்ட அந்தக் குழந்தை ஒன்றுதான் உதட்டை அசைத்து ஆமென் சொன்னது. அந்த அறையில் உண்மையாக ஜெபித்தவள் அவள் ஒருத்தி. என்ன வந்தாலும் சரி என்று ஒத்துக்கொண்டவளும் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகுதான் நான் பைக்குள் கையை விட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் சின்னப்பன் வீட்டுக்கு நானும் வருவேன். உள்ளே வரமாட்டேன், வாசலில் நிற்பேன். நீ பாக்கியத்துக்காக ஜெபம் பண்ணு, எவ்வளவு வேண்டுமானாலும் பண்ணு, நான் குறுக்கே பேசமாட்டேன். சீட்டை நீட்டினார்களென்றால் கையை நீட்டாதே. எனக்கு அந்தத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டு, அவள் மூட்டையை எடு. நீ கையை விட்டாயென்றால் உள்ளே வந்து எல்லார் முன்னாலும் இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன், நீ இந்த ஊரில் மறுபடியும் தலை நிமிர முடியாதபடி வாசிப்பேன். சொன்னால் செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் மூன்றுக்கும் நம் வீட்டில் சமைக்க ஆள் சொல்லியாயிற்று. பாக்கியத்துக்கும் துணைக்குப் போகிற அவள் தங்கைக்கும் திங்கட்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.